அம்புக்குறியின் வால்

ஜூன் பிறந்துவிட்டால் தென்காசிப் பக்கத்தில் போனை எடுத்ததும் யாரும் நலம் விசாரிப்பதில்லை. மதுரையிலிருந்து ஒன்றுவிட்ட சித்தப்பா கூப்பிட்டாலும் சரி, சென்னையில் குடியேறிவிட்ட பழைய மாணவி கூப்பிட்டாலும் சரி, முதல் கேள்வி ஒன்றுதான்: "தண்ணி விழுதா?" குற்றாலத்து மெயினருவியில் தண்ணீர் விழுகிறதா என்று பொருள். "விழுது" என்று சொல்லிவிட்டால் அடுத்த சனிக்கிழமை குழந்தை குட்டிகளோடு வந்து இறங்கிவிடுவார்கள். மேலகரத்தில் வீடு வைத்திருப்பதற்குக் கிடைத்த தண்டனை. மூன்று மாதம் வீடு சத்திரமாகும். கொடியில் போட்ட துணி காயாது. அடுக்களைச் சுவரில் பூசணம் பூக்கும். உப்பு ஜாடி தண்ணீர் விட்டுக்கொள்ளும். ஊரே கொண்டாடுகிற சாரலை நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து 'துணி காயாத காலம்' என்றுதான் கணக்கு வைத்திருந்தேன்.

பள்ளிக்கூடத்தில் பூகோளம் எடுத்தவள் நான். வருஷா வருஷம் கரும்பலகையில் இந்தியப் படம் போட்டு, அரபிக்கடலிலிருந்து கேரளக் கரையைப் பார்த்து ஒரு அம்புக்குறி இழுப்பேன். தென்மேற்குப் பருவக்காற்று. அது மேற்குத் தொடர்ச்சி மலையில் முட்டி, இருப்பதையெல்லாம் அந்தப் பக்கமே கொட்டிவிடும். ஆரியங்காவுக் கணவாய் வழியாக நழுவி வருகிற மிச்சம் மீதிதான் நம்முடைய சாரல். அம்பின் தலையை எந்த இடத்தில் நிறுத்துவது என்பதில்தான் என் கவனமெல்லாம். வாலை எங்கே தொடங்கினேன் என்று ஒருநாளும் பார்த்ததில்லை. கை எட்டிய இடத்தில் சாக்பீஸை வைத்து இழுத்ததுதான்.

அந்த வால் உரசிக்கொண்டு போகிற கரையைப் போன ஜூலையில் பார்த்துவிட்டு வந்தேன்.

தம்பி ஷார்ஜாவில் இருக்கிறான். ஜூலை, ஆகஸ்ட் இரண்டு மாதமும் அங்கே பள்ளிக்கூட விடுமுறை. வளைகுடாவில் இருக்கிற நம்மாட்கள் மொத்தப் பேரும் அப்போதுதான் ஊருக்குக் கிளம்புவார்கள். விமானக் கம்பெனிகளுக்கு அது தெரியும். "எக்கா, நாங்க மூணு பேரு வந்துட்டுப் போற காசுக்கு அங்கன ஒரு சென்ட் நெலம் வாங்கிரலாம். நீ இங்க வா. எதுத்தாப்புல வாற பிளைட்டு காலியாத்தான் வருது" என்றான். உண்மைதான். திருவனந்தபுரத்தில் ஏறியபோது எனக்கு இரண்டு பக்கமும் ஆளில்லை.

துபாயைப் பற்றி எழுதாமல் விடுவதுதான் மரியாதை, எழுதாதவர்கள் யாருமில்லை. 828 மீட்டர் புர்ஜ் கலீஃபாவின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தேன். கழுத்து வலித்தது. எனக்குப் பிடித்தது கிரீக் என்கிற அந்தக் கடற்கழியும், ஒரு திர்ஹாமுக்கு அக்கரை கொண்டுபோய் விடுகிற அப்ரா படகும்தான். முட்டியோடு முட்டி இடிக்க உட்கார்ந்து, டீசல் புகையை முகர்ந்துகொண்டு போகிற ஐந்து நிமிஷம். எண்ணெய் கொழித்ததால் வந்த ஊர் என்றுதான் நாமெல்லாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். துபாயில் எண்ணெய் கிடைத்தது 1966-ல். மண் மூடிக்கொண்டிருந்த இந்தக் கழியை, குவைத்திடம் கடன் வாங்கியாவது ஆழப்படுத்திவிட வேண்டும் என்று அன்றைய ஆட்சியாளர் ஷேக் ராஷித் தோண்டி முடித்தது 1961-ல். வெட்டுக்கூலி முதலில், வருமானம் பிறகு. 2024-ல் 1 கோடியே 87 லட்சம் வெளிநாட்டவர் வந்து தங்கிய ஊரின் அஸ்திவாரம் அந்தச் சேற்றில் இருக்கிறது.

ஆனால் ஜூலை மாதத்து துபாயில் தெருவில் நடக்க முடியாது. பஸ் நிறுத்தத்துக்கே ஏசி போட்டிருக்கிறார்கள். வெளியே வந்தால் மூக்குக் கண்ணாடி வேர்க்கும். மூன்றாம் நாள் ராத்திரி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தம்பி சொன்னான்: "நாளைக்கு சலாலா போறோம். நம்ம ஊரு சாரல் அங்க இருக்கு."

"ஏல, வெயில்ல மூளை கலங்கிட்டா?" என்றேன்.

"வந்து பாரு மைனி. போன வருஷம் நான் அழுதுட்டேன்" என்றாள் அவன் மனைவி. அவளுக்குச் செங்கோட்டை.

சலாலா ஓமானின் தென்கோடி, தோஃபார் மாகாணத்தின் தலைநகர். ஏமன் எல்லைக்குப் பக்கம். விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஆனால் சலாலாவுக்குக் காரில் போவதுதான் அமீரகத்தில் ஒரு சடங்கு மாதிரி. ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். அல் ஐன் தாண்டி எல்லை. காருக்கு ஓமானில் செல்லுபடியாகும் இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று 'ஆரஞ்சு கார்டு' பார்த்தார்கள், எனக்கு விசா பார்த்தார்கள், முத்திரை விழுந்தது. பிறகு இப்ரி, ஆதம், ஹைமா. பிறகு ஒன்றுமில்லை. நான் வகுப்பில் பாலைவனத்தைப் பற்றி எத்தனையோ மணி நேரம் பேசியிருக்கிறேன். மணல்மேடு, ஒட்டகம், பேரீச்சை. இங்கே மணல்மேடுகூட இல்லை. தோசைக்கல் மாதிரி தட்டையாக, அடிவானம் வரை ஒரே நிறத்தில் சரளை. ஒரு மணி நேரம் தூங்கி எழுந்து பார்த்தால் கார் நகரவே இல்லையோ என்று தோன்றுகிறது. ஹைமாவில் ஒரு மலையாளி ஓட்டலில் பொரோட்டா. வாசலில் நின்ற கார்களில் குவைத் நம்பர், சவூதி நம்பர், துபாய் நம்பர். எல்லா வண்டிக்கும் கூரைமேல் பாய், நாற்காலி, அடுப்பு. ஐயப்ப சீசனில் செங்கோட்டை ரோட்டில் போகிற வண்டிகள்போல எல்லாம் ஒரே திசையைப் பார்த்து நின்றன.

காரில் வெப்பத்தைக் காட்டும் எண் 46. பின்சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மருமகன், பத்து வயசு, ஷார்ஜாவில் பிறந்தவன், அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு வந்தான். "அத்தை, இது முப்பதுக்குக் கீழ வரும். நான் சொல்லுதேன் பாருங்க."

தும்ரைத் தாண்டியும் 41. இன்னும் எண்பது கிலோமீட்டர்கூட இல்லை, ஒரு பச்சை இலையைக் காணோம். ரோடு மெல்ல மேலே ஏறியது. ஒரு திருப்பத்தில் எதிரே வெள்ளையாக ஒரு சுவர் தெரிந்தது. புழுதி என்று நினைத்தேன். முன்னால் போன வண்டி அதற்குள் நுழைந்து காணாமல் போயிற்று. நாங்களும் நுழைந்தோம். தம்பி வேகத்தைக் குறைத்து விளக்கைப் போட்டான்; பிறகு வைப்பரைப் போட்டான். 33, 30, 27. கண்ணாடியை இறக்கினான். முகத்தில் வந்து விழுந்தது பாருங்கள், அதைத் தென்காசியில் யாரிடம் கேட்டாலும் பெயர் சொல்லிவிடுவார்கள். துளி என்று சொல்ல முடியாத பொடி. புடவையில் விழுந்தால் ஈரம் தெரியாமல் மாவு தூவினாற்போல் நிற்குமே, அது. கூடவே மண்ணும் புல்லும் சாணமும் கலந்த ஒரு வாசனை. ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் சரளைக்காடு. இப்போது இரண்டு பக்கமும் மலை முழுக்கப் பசேலென்று, நடுரோட்டில் மாடுகள் நின்று அசைபோட்டுக்கொண்டிருக்கின்றன. ஒட்டகம் இல்லை, மாடு! சீசன் தொடங்கும் முன்பே ஒட்டகங்களைச் சமவெளிக்கு ஓட்டிவிடுவார்களாம். ஈரச் சேற்றில் அவற்றுக்குக் கால் வழுக்கும்.

25. மருமகன் ஜெயித்துவிட்டான். தம்பி மனைவி முன்சீட்டில் மூக்கை உறிஞ்சினாள்.

இதற்கு அங்கே 'கரீஃப்' என்று பெயர். அரபியில் கரீஃப் என்றால் இலையுதிர்காலம். ஜூன் 21 முதல் செப்டம்பர் 21 வரை என்று தேதி குறித்து வைத்திருக்கிறார்கள். அம்புக்குறியின் வால் இங்கேதான் இருக்கிறது. தென்மேற்குக் காற்று ஆப்பிரிக்காவின் கொம்பைத் தாண்டியதும் அரபிக் கரையை ஒட்டிக்கொண்டு வீசுகிறது. வீசும்போது கடலின் மேல்தண்ணீரை நடுக்கடல் பக்கம் தள்ளிவிடுகிறது. அந்த இடத்தை நிரப்ப ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் மேலே வருகிறது. அதன்மேல் தவழ்ந்து வருகிற ஈரக்காற்று குளிர்ந்து மேகமாகிறது. மேகம் மேலே ஏறிப் பெருமழையாகலாம் என்று பார்த்தால், பாலைவனத்துச் சூட்டுக்காற்று மேலே வந்து தட்டு மூடி மாதிரி உட்கார்ந்துவிடுகிறது. ஏறவும் முடியாமல், மலையைத் தாண்டவும் முடியாமல், மூன்று மாதம் அந்தச் சரிவிலேயே கிடந்து பொடிப்பொடியாக உதிர்வதுதான் கரீஃப். இட்லிப் பானைக்குள் நீராவி அடைபட்ட கதை, குளிர்ந்த இட்லிப் பானை. சலாலாவின் ஒரு வருஷத்து மழையே சுமார் 100 மில்லிமீட்டர்தான். நம் ஊரில் ஒரு ஐப்பசி ராத்திரியில் கொட்டிவிட்டுப் போகிற அளவு.

மறுநாள் மலைமேல் ஒரு மரத்தடியில் கரீஃபின் வேலையை நேரிலேயே பார்த்தேன். திறந்தவெளியில் வெறும் மூடுபனி, குடை தேவையில்லை. ஒதுங்கலாம் என்று மரத்தடிக்குப் போனால் அங்கே சொட்டுச் சொட்டாக மழை! இலைகள் பனியை வடிகட்டித் தண்ணீராக்கிக் கீழே விடுகின்றன. மழைக்கு மரத்தடியில் ஒதுங்குவது என்கிற உலக வழக்கம் இங்கே தலைகீழ். வானத்திலிருந்து வருவதைவிட மரம் பிடித்துத் தருவது சில இடங்களில் அதிகம் என்று எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். மாடும் ஒட்டகமும் மேய்ந்து மரம் குறைந்தால் தண்ணீரும் குறையும். ஒரு கிளையைப் பிடித்து உலுக்கினான் மருமகன். இரண்டு பேரும் நனைந்தோம்.

சலாலா ஊருக்குள் இறங்கினால் எனக்கு இன்னொரு குழப்பம். ரோட்டோரம் தென்னந்தோப்பு, வாழைத்தோட்டம், பப்பாளி. ஓலைக்கூரை போட்ட கடைகளில் இளநீரும் குலை குலையாகச் சின்னச் சின்ன வாழைப்பழமும் தொங்குகின்றன. அரபு நாடு என்பதற்கு அத்தாட்சியாக மசூதியும் எழுத்தும்தான். 14-ஆம் நூற்றாண்டில் இங்கே வந்த இப்ன் பதூதா, தேங்காயும் வெற்றிலையும் இந்தியாவுக்கு வெளியே இந்த ஊரில்தான் உண்டு என்று எழுதி வைத்தார். இங்கே ஆடுமாடுகளுக்கு மத்தி மீனைத் தீனியாகப் போடுகிறார்கள் என்றும் வியந்தார். அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலே வருகிற கடலில் மீனுக்குப் பஞ்சமில்லை. காய்ந்த மத்தியை இன்றைக்கும் மாட்டுக்குப் போடுகிறார்கள். கள்ளிக்கோட்டையிலிருந்து நல்ல காற்றில் 28 நாளில் இங்கே கப்பலில் வந்து சேர்ந்ததாகவும் அவர் கணக்குச் சொல்கிறார். ஒரு மலையாளிக்கு இது வெளியூரே இல்லை. மக்காவுக்குப் போன சேரமான் பெருமாள் திரும்பும் வழியில் இறந்து அடங்கிய இடம் என்று சலாலாவில் ஒரு சமாதியைக் காட்டுகிறார்கள். உண்மையோ கதையோ, வாசலில் மலையாளிகள் கூட்டம்.

இளநீர் வெட்டியவர் சிட்டகாங்கைச் சேர்ந்தவர். தம்பி மனைவிதான் இந்தியில் பேச்சுக் கொடுத்தாள். விலை ஐந்நூறு பைசா. ஆமாம், பைசாதான். நம் ரூபாய் ஒரு காலத்தில் வளைகுடா முழுவதும் ஓடியதன் அடையாளம். ஓமானில் ஆயிரம் பைசா ஒரு ரியால். வந்து எத்தனை வருஷம் என்று கேட்டேன். பதினாறு. மனிதர் அரிவாளைக் கட்டைமேல் வைத்துவிட்டு மலையைப் பார்த்துக் கையைக் காட்டிச் சிரித்தார். "இந்த மாசம் எங்க ஊர்ல என் வீட்டுக்குள்ள முழங்கால் அளவு தண்ணி நிக்கும். அதிலேர்ந்து தப்பிக்கத்தான் இங்க வந்தேன். இவங்க என்னடான்னா பெட்ரோல் போட்டு மழை பார்க்க வர்றாங்க."

அவர் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் அவர் கணக்கு முழுக் கணக்கல்ல என்று சாயங்காலம் புரிந்தது.

இத்தீன் மலைச்சமவெளிக்குப் போனோம். நபி அய்யூபின் சமாதி இருக்கிற மலை. புல்வெளி முழுக்கக் குடும்பங்கள். கேளிக்கை என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஊருக்குள் கரீஃப் திருவிழா என்று விளக்குத் தோரணம், ராட்டினம், 'பழைய காலத்துக்குத் திரும்புதல்' என்று பேர் வைத்து மண்குடிசை போட்ட கண்காட்சி எல்லாம் உண்டு. நம் பொருட்காட்சியை நினைத்துக்கொண்டால் போதும். மிர்பாத் ரோட்டில் காரை நியூட்ரலில் விட்டால் மேட்டில் தானாக ஏறுகிற ஒரு இடத்தைக் காட்டி, அதற்கும் வரிசை கட்டி நிற்கிறார்கள். அதையெல்லாம் தள்ளுங்கள். மலைமேல் இருந்தவர்கள் ஒன்றுமே செய்யவில்லை. ஈரப் புல்லில் பாயை விரித்து, நடுவே காவா என்கிற அரபிக் காபி நிறைந்த பிளாஸ்க்கையும் பேரீச்சம்பழத்தையும் வைத்து, நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். குடை கிடையாது. சற்றுத் தள்ளிக் கடைகளில் சூட்டுக்கல்லின் மேல் இறைச்சி வாட்டுகிற புகை. மூடுபனி கூடியபோது பக்கத்துப் பாய் மறைந்தது. விலகியபோது திரும்பி வந்தது. யாரும் கத்தவில்லை.

எங்கள் பாய்க்கு அடுத்ததில் ஒரு வயதான அம்மா. கறுப்பு அபாயா, முகத்தில் பழைய பாணிப் பித்தளை நிற முகமூடி, முழங்காலில் வலி இருக்கும்போல, நாற்காலி போட்டு உட்கார்த்தியிருந்தார்கள். உள்ளங்கையை நீட்டி வானத்தைப் பார்த்து வைத்திருந்தார். ஏதோ வாங்கப்போகிறவர் மாதிரி. வெகுநேரம் அப்படியே இருந்துவிட்டு, ஈரமான கையை முகத்தில் தடவிக்கொள்வார். மறுபடி நீட்டுவார். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டுக் காவா ஊற்றி அனுப்பினார். அமீரகப் பள்ளிகளில் வெளிநாட்டுப் பிள்ளைகளும் அரபி படித்தாக வேண்டும். ஆகையால் மருமகன் துபாஷி ஆனான்.

அவருக்கு லிவா பக்கம். அபுதாபிக்கும் தெற்கே, பெரும் மணல்பரப்பின் ஓரம். நான் எங்கே என்று கேட்டார். இந்தியா. அங்கே இப்படி உண்டா?

"உண்டு. இதே மூணு மாசம்" என்றேன். "அருவியும் உண்டு."

"மாஷா அல்லாஹ்" என்றார். பிறகு மருமகனிடம் ஏதோ நீளமாகக் கேட்டார். அவன் இரண்டு தரம் திருப்பிக் கேட்டுவிட்டு என்னிடம் சொன்னான்: "அத்தை, அப்ப நீங்க எல்லாரும் தெனமும் வெளிய வந்து உக்காந்திருப்பீங்களான்னு கேக்காங்க."

நான் காவாவைக் குடித்தேன். கசந்தது, ஏலக்காய் மணத்தது.

விருந்தாளிகளைக் கூப்பிடும் கலையில் நாம் ஒன்றும் இளைத்தவர்களல்ல. 1994 முதல் துபாயில் வருஷா வருஷம் அரேபியப் பயணச் சந்தை நடக்கிறது. அங்கே இலங்கை, மாலத்தீவு, தாய்லாந்து, மலேசியா என்று தெற்கும் தென்கிழக்கும் கடை விரிக்கின்றன. வெயிலில் வாடும் அரபிக்கு மழையையே விற்கலாம் என்று கண்டுகொண்டது கேரளம். ஆயுர்வேதமும் மழையும் சேர்ந்த பொட்டலம். குற்றாலத்துக்கும் அரசு சாரல் விழா நடத்துகிறது. மேடை உண்டு, பட்டிமன்றம் உண்டு, கொழுகொழு குழந்தைப் போட்டி உண்டு. சாரலை மட்டும் ஒலிபெருக்கி வைத்து ஓட்டிவிடுவார்கள். ரசிகமணி டி.கே.சி. குற்றாலத்தில் வீட்டைத் திறந்து வைத்து, வந்தவர்களை உட்காரவைத்துச் சாரலையும் கவிதையையும் பகிர்ந்துகொண்ட காலம் ஒன்று இருந்தது. பிறகு அருவித் தண்ணீரில் எண்ணெய்ப் பாக்கெட்டும் ஷாம்பு பாக்கெட்டும் மிதக்க, அதைத் தடுக்க உயர்நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது.

சலாலாவை ரொம்பத் தூக்கிவைத்துப் பேசுகிறேனோ? அங்கேயும் குறை உண்டு. புல்வெளியில் கார் ஏற்றக்கூடாது என்று பலகை வைத்திருக்கிறார்கள். பலகைக்குப் பக்கத்திலேயே டயர் தடம் சேறாகக் கிடக்கிறது. பாயைச் சுருட்டியவர்கள் தண்ணீர் பாட்டிலை விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். முக்ஸைல் கடற்கரையில் பாறை ஓட்டைகள் வழியாகக் கடல் பீறிட்டு அடிக்கிறது; அங்கே 2022 ஜூலையில் தடுப்பைத் தாண்டிப் போன ஒரு குடும்பத்தில் சிலரை அலை இழுத்துக்கொண்டது. நாங்கள் போனபோது காவலர் ஒருவர் வேலியோரம் நடந்துகொண்டே இருந்தார். யாராவது போனை நீட்டிக் கம்பிமேல் சாய்ந்தால் விசில். பழைய குற்றாலத்தில் 2024 மே மாதம் திடீர் வெள்ளம் ஒரு பையனைக் கொண்டுபோனது எனக்கு நினைவு வந்தது. அந்தப் பையன் வயதில் எனக்கு எத்தனை மாணவர்கள்! முக்ஸைலில் மருமகனின் கையை விடவேயில்லை.

இன்னொரு குறை, குற்றாலக்காரிக்கு மட்டும் உறைப்பது. ஐன் அத்தூம் என்று ஒரு அருவி. மலை இடுக்கில் வெள்ளை நூலாக இறங்குகிறது. சுற்றிலும் பாசி, பச்சை, அடியில் தெளிந்த குட்டை. பார்த்ததும் கை தானாகக் கொண்டையை அவிழ்க்கப் போயிற்று. அங்கே ஒரு பலகை: குளிக்கக் கூடாது. வாதி தர்பாத்தில் படகு விடுகிற ஏரி. அங்கேயும் குளிக்கக் கூடாது. அருவி என்றால் தலையைக் கொடுப்பது என்றுதான் எனக்குத் தெரியும். தலையில் மத்தளம் அடிக்காத அருவி என்ன அருவி? அரை மணி நேரம் நூறு பேர் நின்று வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தோம். வேறு வழியில்லாமல் பார்த்ததில், மெயினருவி எப்படி இருக்கும் என்று எனக்குச் சரியாக நினைவில்லை என்பது தெரிந்தது. அதன் அடியில் நிற்கும்போது கண்ணை மூடிக்கொள்வதுதானே வழக்கம்.

இந்த மலைக்கு ஜனங்கள் இப்படி வர ஆரம்பித்து ரொம்ப காலமாகிவிடவில்லை. 1970-ல் சுல்தான் காபூஸ் பட்டத்துக்கு வந்தபோது நாடு முழுக்கச் சேர்த்துப் பத்துக் கிலோமீட்டர்தான் தார்ரோடு என்பார்கள். அவர் பிறந்ததே இந்தச் சலாலாவில். இதே மலைகளில் 1975 வரை உள்நாட்டுப் போர். கரீஃப் மூடுபனி கிளர்ச்சிக்காரர்களுக்கு மறைவிடம். மேலே பறக்கிற விமானத்துக்குக் கீழே ஒன்றும் தெரியாது. போர் முடிந்த கையோடு மலைமேல் ரோடு போட்டார்கள், கிணறு தோண்டினார்கள், பள்ளிக்கூடம் கட்டினார்கள். 2015-ல் வருஷத்துக்கு 20 லட்சம் பேர் வந்துபோகும்படி புது விமான நிலையம். 2024 கரீஃபில் வந்தவர்கள் பத்து லட்சத்தைத் தாண்டினார்கள். பெரும்பாலோர் ஓமானியர்களே, பிறகு அமீரகம், சவூதி. வாரா வாரம் எத்தனை பேர் வந்தார்கள், எந்த வழியாக வந்தார்கள் என்று புள்ளிவிவர மையம் எண்ணிச் சொல்கிறது. மலைவாசிகளான ஜபாலிகள் பேசுவது அரபி அல்ல, ஜிப்பாலி என்கிற வேறு மொழி. மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர் எங்கள் பாயை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு போனார். சீசனுக்கு வருகிறவர்களை நான் மேலகரத்தில் பார்க்கிற அதே பார்வை. எனக்குச் சிரிப்பு வந்தது.

கடைசி நாள் சும்ஹுரம். சலாலாவுக்குக் கிழக்கே, கோர் ரோரி என்கிற கழியின் மேட்டில் ஒரு பழைய துறைமுக நகரத்தின் எலும்புக்கூடு. கி.மு. மூன்றாம் நூற்றாண்டளவில் எழும்பியது. குந்திரிக்கம் ஏற்றுமதிக்காகவே கட்டிய ஊர். குந்திரிக்க மரம் மழையில் நனையப் பிடிக்காத மரம். மலைக்கு அந்தப்புறம், கரீஃபின் ஈரம் எட்டியும் எட்டாத வறண்ட சரிவில்தான் நல்ல பிசின் வடிக்கும். சும்ஹுரம் 2000-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. கீழே கழியின் வாயை ஒரு மணல்திட்டு மூடிவிட்டது. அதற்கு அப்பால் கடல் இரைந்துகொண்டிருந்தது. நீரில் நாரைகள். கோட்டை வாசலில் பழைய தென் அரேபிய எழுத்தில் கல்வெட்டு. நான் தேடியது அதையல்ல.

இங்கே தோண்டிய இத்தாலியக் குழுவுக்கு 2006-ல் ஒரு பானை ஓடு கிடைத்தது. உடைந்த பானையை வட்டமாகச் செதுக்கி யாரோ மூடியாக்கியிருந்தார்கள். அதன்மேல் கீறியிருந்தது என்ன எழுத்து என்பது 2012-ல்தான் தெளிவாயிற்று. தமிழ் பிராமி. கி.பி. முதல் நூற்றாண்டு. கீரன் என்று முடிகிற ஒரு மனிதனின் பெயர். சங்கப் புலவர்களில் எத்தனை கீரன்கள்! இவன் கவி எழுதியவனல்ல. தன் பானையில் தன் பெயரை எழுதியவன். கூட்டமாய்க் கப்பலில் வந்தால் பானை மாறிப்போகும் என்கிற பயம் எல்லாக் காலத்துக்கும் பொது. பள்ளிக்கூடத்தில் சத்துணவுத் தட்டில் ஆணியால் பெயர் கீறிய பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

அதே நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட பெரிப்ளஸ் என்கிற கடல்வழிக் குறிப்பில் இந்தத் துறைமுகம் வருகிறது. மோஸ்கா என்ற பெயரில் அது சொல்வது சும்ஹுரத்தைத்தான் என்பது ஆய்வாளர்கள் முடிவு. லிமிரிகே என்று அவர்கள் அழைத்த தமிழகக் கரையிலிருந்து வரும் கப்பல்கள், காலம் பிந்திவிட்டால் இங்கேயே தங்கி, துணியும் தானியமும் எள்ளெண்ணெயும் கொடுத்துக் குந்திரிக்கம் வாங்குமாம். வரும்போது வடகிழக்குக் காற்றில் வந்திருப்பார்கள். திரும்ப வேண்டுமென்றால் காற்று மாற வேண்டும். அதாவது, இந்தச் சாரலைக் கொண்டுவரும் காற்று. அது உச்சத்தில் இருக்கும்போது பாய்மரம் தாங்காது; கொஞ்சம் தணிந்ததும் ஏறி உட்கார்ந்தால் அதுவே கொண்டுபோய்ச் சேர அல்லது சோழ அல்லது பாண்டிக் கரையில் இறக்கிவிடும். கீரன் இந்த மேட்டில் நின்று, முகத்தில் பொடித்தூறல் விழ, எத்தனை நாள் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தானோ. அவனுக்கு இது சுற்றுலா இல்லை. வண்டி வருமா என்று பார்க்கிற பஸ் ஸ்டாண்டு.

"அத்தை, இங்க வந்து என்ன பாக்கீங்க? ஒண்ணுமே இல்லியே" என்றான் மருமகன்.

"நம்ம ஊர்க்காரர் ஒருத்தர் இருந்திருக்கார். பானையை விட்டுட்டுப் போயிட்டார்."

"திரும்பி வருவாரா?"

"பெயர் எழுதியிருக்குல்லா. கேட்டு வரலாம்."

மறுநாள் காலை கிளம்பினோம். மலையேறும் வரை வைப்பர் ஓடியது. அந்த வெள்ளைச் சுவரைத் தாண்டினதும் கண்ணாடியில் கடைசித் தண்ணீர்க் கோடு நம் கண்ணெதிரே சுருங்கிக் காய்ந்தது. 26, 31, 38. மருமகன் எண்ணுவதை நிறுத்திவிட்டுத் தூங்கிப்போனான். அவன் சட்டையில் மட்டும் மலையின் ஈரம் கொஞ்ச நேரம் இருந்தது. ஹைமாவில் அதே ஓட்டல், அதே பொரோட்டா. எதிர்த்திசையில் வந்து நின்ற வண்டிகளிலிருந்து ஆட்கள் இறங்கி, எங்கள் காரின் சேறு படிந்த சக்கரத்தைப் பார்த்துவிட்டுத் தம்பியிடம் அரபியில் ஒரு கேள்வி கேட்டார்கள். என்ன கேட்கிறார்கள் என்றேன். "அங்க தூறுதான்னு கேக்காங்க" என்றான்.

போனில் சிக்னல் இருந்தது. வீட்டுக்குப் போட்டேன். அவர் எடுத்ததும், என்னையறியாமல், "தண்ணி விழுதா?" என்று கேட்டுவிட்டேன். மேலகரத்தில் இருந்துகொண்டு இத்தனை வருஷத்தில் நான் யாரிடமும் கேட்டிராத கேள்வி.

"விழுது, விழுது. அஞ்சருவில அஞ்சுலயும் விழுதாம். நாலு நாளாச் சாரல் விடல. போட்ட துணி ஒண்ணும் காய மாட்டேங்கு. உள்ள எடுத்து ஃபேன்ல போடட்டா?"

"வேண்டாம். கொடியிலயே கெடக்கட்டும்" என்றேன். "நீங்க அந்த நாற்காலியத் தூக்கி வெளிய போட்டு உக்காருங்க."

"எதுக்கு?" என்றார்.